மல்கியாவின் ஐந்தாம் வசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவக்காலத்தையொட்டித் தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரை, நோயும் பொருளிழப்பும் உற்றாரின் பிரிவும் கடவுள் நம்மைப் புடமிடும் நெருப்பு என்றும், அதைப் பொறுமையோடு ஏற்றுக்கொள்பவர் பொன்னாக விளங்குவார் என்றும் கூறி, அதற்குச் சான்றாக வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள மல்கியா தீர்க்கதரிசி நூலின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டியிருந்தது. எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. இதே கருத்தைச் சென்னையின் பிரசங்கபீடங்கள் பலவற்றிலும் கேட்டிருக்கிறேன். ஆயினும் மல்கியா அந்த இடத்தில் பேசுவது தனிமனிதரின் துயரத்தைப் பற்றியன்று. எபிரேயத் தீர்க்கதரிசிகள் சுத்திகரிப்பு என்று எதைச் சொன்னார்கள், அந்த நெருப்பை யாருக்குக் குறித்தார்கள் என்பதைத் திருச்சபையில் வேதபாடம் வாசிக்கும் ஒரு பொதுநிலையினன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத இடம்தர வேண்டுகிறேன்.

'அவர் வரும் நாளைச் சகிப்பவன் யார்?' என்று கேட்கும் மல்கியா, வரப்போகிறவரை இரண்டு தொழில்களைக்கொண்டு விளக்குகிறார். ஒன்று புடமிடுகிறவனுடைய அக்கினி, மற்றொன்று வண்ணாருடைய சவுக்காரம். வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு இவ்விரண்டிற்கும் தனி விளக்கம் தேவையில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலையால் பெயர்பெற்ற தங்கசாலைத் தெருவைச் சுற்றியுள்ள சந்துகளில் பொன்னையும் வெள்ளியையும் உருக்கும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. நம் ஊரில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு தொழிலாளியின் கையிலிருக்கும் சவுக்காரத்தை ஆண்டவரின் வருகைக்கு ஒப்பிடத் தீர்க்கதரிசி கூசவில்லை என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. இதை இங்கே இடைக்குறிப்பாக மட்டும் சொல்லிச் செல்கிறேன்.

மல்கியா வாழ்ந்த காலத்தை நினைவில் கொண்டால்தான் அவர் பேச்சின் கூர்மை புரியும். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் தீர்க்கதரிசிகளான ஆகாய், சகரியா ஆகியோரின் ஊக்கத்தால் அதைத் திரும்பக் கட்டினார்கள். அந்த இரண்டாம் ஆலயத்தில் வழிபாடு நடைபெற்று வந்த, பாரசீக ஆளுநரின் ஆட்சிக்குட்பட்ட யூதாவில்தான் மல்கியா பேசுகிறார். ஆலயம் இருந்தது, பலிகளும் குறைவின்றி நடந்தன. ஆனால் குருடும் முடமும் நோயுமான விலங்குகளைப் பலிபீடத்திற்குக் கொண்டுவந்தார்கள். அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ என்று தீர்க்கதரிசி முதல் அதிகாரத்தில் கேட்கிறார். பலி செலுத்தும் குருக்களான ஆசாரியர்களோ வேதத்தைப் போதிப்பதில் முகதாட்சணியம் பார்த்தார்கள் என்று இரண்டாம் அதிகாரம் குற்றஞ்சாட்டுகிறது. அந்த அதிகாரம் மக்களின் ஒரு கேள்வியோடு முடிகிறது: 'நியாயந்தீர்க்கிற தேவன் எங்கே?' மூன்றாம் அதிகாரம் இந்தக் கேள்விக்கான விடையோடு தொடங்குகிறது. நியாயம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, நீங்கள் தேடுகிற ஆண்டவர் தம்முடைய ஆலயத்துக்குத் தீவிரமாய் வருவார், ஆனால் அந்த வருகையை உங்களால் தாங்க முடியுமா என்ற மறுகேள்வி வருகிறது.

அவர் வந்து முதலில் யாரைப் புடமிடுகிறார்? வசனம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: லேவியின் புத்திரரை, அதாவது ஆலயப் பணியாளரை. நோயாளியையோ, வேலையிழந்தவரையோ, பிள்ளையைப் பறிகொடுத்த தாயையோ அங்கே காணோம். நெருப்பு முதலில் பற்றுவது காணிக்கை வாங்கும் கைகளை. அவர்கள் நீதியாய்க் காணிக்கை செலுத்துகிறவர்களாக மாறவேண்டும் என்பதே அந்த உலையின் நோக்கம். அடுத்து ஐந்தாம் வசனம் வருகிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்யாணையிடுகிறவர்கள் ஆகியோரோடு, கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு, அதாவது வேற்றிடத்திலிருந்து வந்து தங்கியவனுக்கு, அநியாயம் செய்கிறவர்கள் ஆகிய எல்லாருக்கும் எதிராகக் கர்த்தரே தீவிரமான சாட்சியாக வந்து நிற்பார் என்கிறது அது. சுத்திகரிப்பு நடந்ததா இல்லையா என்பதை உரைத்துப் பார்க்கும் உரைகல் இந்த வசனம்தான்.

நம் சபைகள் இந்த உரைகல்லைக் கையாளும் முறையைப் பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபை பிப்ரவரி 2ஆம் நாள் கொண்டாடும் ஆண்டவரின் காணிக்கை விழாவில் வாசிப்பது மல்கியா 3:1 முதல் 4 வரை. பல சீர்திருத்தச் சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு வாசகப் பட்டியலில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கு ஓராண்டில் குறிக்கப்பட்டிருப்பதும் அதே நான்கு வசனங்கள்தான். நெருப்பும் சவுக்காரமும் வெள்ளியும் வாசிக்கப்படுகின்றன. கூலிக்காரன் வாசலுக்கு வந்து நிற்கும்போது புத்தகம் மூடப்படுகிறது. யூதர்களோ பஸ்காவுக்கு முந்தைய ஓய்வுநாளில் தங்கள் தொழுகைக்கூடத்தில் இதே அதிகாரத்தை நான்காம் வசனத்தில் தொடங்கி நூலின் இறுதிவரை வாசிக்கிறார்கள். நாம் நிறுத்தும் இடத்தில் அவர்கள் தொடங்குகிறார்கள். இந்த நூல்கள் முதலில் அவர்களுடைய மறைநூல்கள் என்பதையும், தீர்க்கதரிசிகளின் கண்டனங்களை 'அன்றைய யூதர்களுக்குச் சொன்னது' என்று ஒதுக்கிவிட்டு ஆறுதல் வாக்குகளை மட்டும் நமதாக்கிக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு நேர்மையற்றது என்பதையும் இது நமக்கு உணர்த்தவேண்டும்.

அதே அதிகாரத்தின் பத்தாம் வசனத்தை அறியாத கிறிஸ்தவர் சென்னையில் எவரும் இருக்கமாட்டார். தசமபாகங்களையெல்லாம், அதாவது பத்தில் ஒரு பங்கான காணிக்கைகளையெல்லாம், பண்டசாலையிலே கொண்டுவாருங்கள் என்ற அந்த வசனம் காணிக்கை உறைகளிலும் நாட்காட்டிகளிலும் அச்சாகிறது. ஆண்டு முழுவதும் பிரசங்கிக்கப்படுகிறது. ஐந்து வசனம் முன்னால் இருப்பதோ காணாமற்போகிறது. இத்தனைக்கும் மோசேயின் சட்டநூல்களில் ஒன்றான உபாகமம் 14ஆம் அதிகாரத்தின்படி, மூன்றாம் ஆண்டின் தசமபாகம் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்டு திருப்தியடைவதற்காகவே குறிக்கப்பட்டிருந்தது. பத்தாம் வசனத்தின் பண்டசாலையும் ஐந்தாம் வசனத்தின் விதவையும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் தசமபாகம் கேட்பது, மல்கியா எந்த ஆசாரியர்களைக் கடிந்துகொண்டாரோ அவர்களுடைய வழக்கத்தையே தொடர்வதாகும்.

இனி, நெருப்பில் விழுந்தவை எல்லாம் தாமாகவே பொன்னாகிவிடும் என்ற எண்ணத்தைப் பார்ப்போம். தீர்க்கதரிசிகள் உலோகத் தொழிலை உற்றுப் பார்த்தவர்கள். அக்காலத்தில் வெள்ளி பெரும்பாலும் ஈயத் தாதுவோடு கலந்தே கிடைத்தது. ஈயத்தோடு உருக்கிய வெள்ளியை எலும்புச் சாம்பல் போன்றவற்றால் ஆன ஆழமற்ற கலத்தில் இட்டு, துருத்தியால் காற்று ஊதிக்கொண்டே இருந்தால், ஈயம் காற்றோடு வினைபுரிந்து செம்பு போன்ற மற்ற கலப்புகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கலத்தில் ஊறிப்போகும். எரியாத வெள்ளி மட்டும் எஞ்சும். வெள்ளி உருகுவதற்கு ஏறத்தாழ 962 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சூடு தணிந்தால் வேலை நின்றுபோகும். ஆகவே தொழிலாளி அந்த உலையை விட்டு எழுந்து போக முடியாது. அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிடுவார் என்று மல்கியா எழுதும்போது, உலையருகே உட்கார்ந்திருப்பவனின் உழைப்பை அறிந்தே எழுதுகிறார்.

இந்த வேலை தோற்றுப்போவதும் உண்டு. எரேமியா ஆறாம் அதிகாரத்தின் முடிவில் அப்படித் தோற்றுப்போன ஓர் உலையைத்தான் காட்டுகிறார்: துருத்தி வெந்தது, ஈயம் நெருப்பினால் அழிந்தது, புடமிடுகிறவனுடைய பிரயாசம் விருதாவாய்ப் போயிற்று. கலப்பை இழுத்துக்கொள்ளவேண்டிய ஈயம் தீர்ந்துவிட்டது, கலப்போ அப்படியே இருக்கிறது. அந்த மக்கள் தள்ளுபடியான வெள்ளி என்னப்படுவார்கள் என்று எரேமியா துயரத்தோடு முடிக்கிறார். அவர் காலத்திலேயே பாபிலோனில் சிறையிருந்த எசேக்கியேல் 22ஆம் அதிகாரத்தில் சொல்வது இன்னும் கடுமையானது. உலைக்குள் போடப்பட்ட இஸ்ரவேல் வம்சத்தார் வெள்ளியே அல்ல. பித்தளையும் தகரமும் இரும்பும் ஈயமுமான களிம்பாக, அதாவது உலைக் கழிவாக, ஆகிவிட்டார்கள் என்கிறார் அவர். ஏசாயா 48ஆம் அதிகாரத்திலோ கர்த்தர், உன்னைப் புடமிட்டேன், ஆனாலும் வெள்ளியைப்போல் அல்ல என்கிறார். ஆக, துன்பம் என்ற ஒன்றாலேயே மனிதர் தூய்மையாகிவிடுவர் என்று எந்தத் தீர்க்கதரிசியும் சொன்னதில்லை. எருசலேம் அழிந்த பெருந்துயரத்திற்குப் பிறகும் மல்கியாவின் ஆசாரியர்கள் முடமான ஆட்டைத்தான் கொண்டுவந்தார்கள்.

வெள்ளி சுத்தமாயிற்று என்பதைப் புடமிடுகிறவன் அதில் தன் முகம் தெரிவதைக்கொண்டு அறிவான் என்றொரு கதை பிரசங்கங்களில் அடிக்கடி வரும். தங்கள் கட்டுரையிலும் வந்திருந்தது. கேட்க இனிமையான கதைதான். மல்கியாவில் அது இல்லை. அவர் தரும் அடையாளம் முகம் தெரிவதைவிடச் சோதித்துப் பார்க்க எளிதானது: கூலி கொடுக்கப்பட்டதா?

கழுவுதல் பற்றிய வசனங்களிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. 'உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும் உறைந்த மழையைப்போல் வெண்மையாகும்' என்ற ஏசாயாவின் வாக்கை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய வசனங்களில் அதே ஏசாயா, பலிகளும் பண்டிகைகளும் எனக்கு அருவருப்பு, உங்கள் கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கிறது என்று கர்த்தர் சொன்னதாக அறிவித்து, 'உங்களைக் கழுவிச் சுத்திகரியுங்கள்' என்கிறார். கழுவுவது எப்படி என்றும் உடனே விளக்குகிறார்: நியாயத்தைத் தேடுங்கள், ஒடுக்கப்பட்டவனை ஆதரியுங்கள், திக்கற்ற பிள்ளையின் நியாயத்தையும் விதவையின் வழக்கையும் விசாரியுங்கள். நான்கைந்து வசனங்கள் தாண்டி, உன் வெள்ளி களிம்பாயிற்று என்றும், உன் பிரபுக்கள் பரிதானத்தை (லஞ்சத்தை) விரும்புகிறார்கள் என்றும் நகரத்தைப் பார்த்துச் சொல்லி, உன் களிம்பு நீங்க உன்னைப் புடமிடுவேன் என்று கர்த்தர் அறிவிப்பதும் அதே அதிகாரத்தில்தான். நீரும் நெருப்பும் அங்கே ஒரே வேலைக்காக வருகின்றன. அந்த வேலை நடைபெறும் இடங்கள் வழக்கு மன்றமும் சந்தையும் ஆலயமும்.

உவர்மண்ணினால் கழுவி அதிக சவுக்காரத்தைக் கையாண்டாலும் உன் அக்கிரமத்தின் கறைகள் எனக்கு முன்பாக இருக்கும் என்கிறார் எரேமியா. வெள்ளாவி வைக்கும் துறைகளில் உவர்மண்ணின் வலிமையை அறிந்தவர்களுக்கு இதன் அழுத்தம் விளங்கும். புறச்சுத்தத்தால் தீராத கறை என்பதுடன் தீர்க்கதரிசிகள் நிறுத்திக்கொள்ளவில்லை. சுத்தம் என்ற பெயரிலேயே ஒரு கறை உண்டு என்றும் சொன்னார்கள். 'நீ அங்கேயிரு, என் சமீபத்தில் வராதே, உன்னைப்பார்க்கிலும் நான் பரிசுத்தன்' என்று பேசுகிறவர்களைக் கர்த்தர் தம் நாசியில் ஏறும் புகையாகக் கருதுகிறார் என்பது ஏசாயா 65ஆம் அதிகாரத்தின் வாக்கு. தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருந்த, சில இடங்களில் இன்றும் வைத்திருக்கிற சபைகள், தேர்ப்பவனி எந்தத் தெருவுக்குள் போகலாம் என்று வழக்காடிய பங்குகள், இந்த வசனத்தை வாசித்துவிட்டுத் தவக்காலத்தில் சாம்பல் பூசிக்கொள்வதில் உள்ள முரணை வெளியார் எவரும் வந்து சுட்டிக்காட்டத் தேவையில்லை. தீட்டு என்று நாம் வழங்குவதற்கும் தீர்க்கதரிசிகள் அசுத்தம் என்று கண்டித்ததற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. பிறப்பினால் ஒருவர் அசுத்தர் என்பது அவர்கள் கண்டனத்தில் எங்குமில்லை. ஒருவர் தம் கைகளால் பிறருக்குச் செய்ததே அங்கே எண்ணப்படுகிறது.

இவ்வளவு சொன்னபின் ஒரு மறுப்பு எழலாம்: அப்படியானால் கூலியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு நாமே நம்மைச் சுத்தமாக்கிக்கொள்ளலாமா, கிருபைக்கு இடமென்ன? தீர்க்கதரிசிகளே இதற்கு விடை தருகிறார்கள். எசேக்கியேல் 36ஆம் அதிகாரத்தில் சுத்தமான ஜலத்தைத் தெளிப்பவர் கர்த்தர். கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தைத் தருபவரும் அவரே. சகரியா மூன்றாம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு தூதனுக்கு முன்பாக நிற்கிறான். தன் ஆடையைத் தானே துவைத்துக்கொண்டு வா என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அழுக்கு வஸ்திரம் களையப்பட்டுச் சிறந்த வஸ்திரம் உடுத்தப்படுகிறது. ஆனால் அவ்விதம் உடுத்தப்பட்டவுடனேயே, நீ என் வழிகளில் நடந்தால் என் ஆலயத்தில் நியாயம் விசாரிப்பாய் என்ற பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. இயேசு கிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கிச் சுத்திகரிக்கும் என்று நாங்கள் விசுவாசிப்பது இந்த வரிசையில்தான். சுத்திகரிப்பு ஈவாக வருகிறது. வந்ததற்கு அடையாளம் நடக்கையில் தெரிகிறது. அடையாளத்தைக் கேட்பது கிருபையை மறுப்பதாகாது.

ஆண்டவருக்கு முன்பாக வழியை ஆயத்தம்பண்ணுவான் என்று மல்கியா மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் சொல்லும் தூதனை மாற்கு சுவிசேஷம் தன் தொடக்கத்திலேயே யோவான் ஸ்நானனோடு இணைக்கிறது. எனக்குப்பின் வருகிறவர் பரிசுத்த ஆவியினாலும் அக்கினியினாலும் ஞானஸ்நானங் கொடுப்பார் என்று யோவான் சொன்னதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அவரிடம் ஜனங்கள் 'நாங்கள் என்ன செய்யவேண்டும்' என்று கேட்டபோது அவர் சொன்ன விடைகளை லூக்கா பதிந்திருக்கிறார்: இரண்டு அங்கிகளை உடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன், வரி வாங்குவோரே, கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள், போர்ச்சேவகரே, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல் உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள். அக்கினியைப் பற்றிப் பேசிய அதே வாய் பேசிய சொற்கள் இவை. பின்னர் இயேசு ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தபோது மேற்கோள் காட்டியவை ஏசாயாவின் வாக்கும், ஆலயத்தின் வாசலில் நின்று எரேமியா சொன்ன 'கள்ளர் குகை' என்ற வாக்கும். அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டிருக்கிறது என்று யாக்கோபு எழுதும்போது மல்கியாவின் ஐந்தாம் வசனம் மறுபடியும் ஒலிக்கிறது. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்குங்காலமாயிருக்கிறது என்பது பேதுருவின் முதல் நிருபம்.

அதே நிருபம், பொன் அக்கினியினால் சோதிக்கப்படுவதுபோல விசுவாசமும் சோதிக்கப்படும் என்று சொல்வதை நான் மறைக்கவில்லை. அது விசுவாசத்தின் பொருட்டு நிந்தையும் பாடும் அனுபவித்த சபைகளுக்கு எழுதப்பட்டது. 'பொன்னாக விளங்குவேன்' என்ற சொல்லும் வேதத்தில் உண்டு. அது யோபுவின் சொல். சாம்பலில் உட்கார்ந்திருந்தவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. அவரைப் பார்க்க வந்து, உன் துன்பத்திற்குக் காரணம் இதுதான் என்று விளக்கம் சொன்ன நண்பர்களைக் கர்த்தர் கடிந்துகொண்டதை அந்நூலின் கடைசி அதிகாரம் சொல்கிறது. துன்பப்படுகிறவர் தம் துன்பத்தைப் புடமாகக் கண்டுகொண்டால் அந்த விசுவாசத்தை நான் வணங்குகிறேன். பக்கத்தில் நிற்பவர் அதை அவருக்கு எடுத்துச் சொல்வது வேறு காரியம். 2004ஆம் ஆண்டு சுனாமியின்போதும் 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போதும் வீடிழந்தவர்களைப் பார்த்துத் தேவன் உங்களைப் புடமிடுகிறார் என்று சொன்ன பிரசங்கிகள் உண்டு. மீனவர் குப்பங்களிலும் அடையாற்றின் கரையிலும் வாழ்ந்தவர்களிடம் மல்கியாவின் நெருப்பைக் கொண்டுபோகும் முன், அது முதலில் லேவியின் புத்திரருக்கு உரியது என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

சென்னைக் கிறிஸ்தவ நிறுவனங்களின் தொண்டை இந்த நகரம் அறியும். பள்ளிகளாலும் மருத்துவமனைகளாலும் பயனடையாத குடும்பங்கள் இங்கே குறைவு. அதனால்தான் கேள்வியும் அங்கேயே தொடங்கவேண்டியிருக்கிறது. ஒப்பந்த அடிப்படையில் தூய்மைப் பணி செய்யும் பெண்களுக்கும், இரவுக் காவலர்களுக்கும், அரசு உதவி பெறாத பிரிவுகளில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் எவ்வளவு, எந்தத் தேதியில் ஊதியம் கொடுக்கப்படுகிறது? இடையிலுள்ள ஒப்பந்ததாரர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்? வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஆலயக் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர்கள், மல்கியா பரதேசி என்று சொன்னவர்கள், எங்கே தங்கவைக்கப்படுகிறார்கள்? கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. நம்மில் பல நிறுவனங்களுக்கு மாதக் கடைசியே இன்னும் விடியற்காலமாகவில்லை.

ஆயர்களிடமும் குருவானவர்களிடமும் தங்கள் நாளிதழின் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறேன். மல்கியா மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்படும் நாளில் ஐந்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் செய்யுங்கள். வாசகப் பட்டியலை மாற்ற இயலாத இடங்களில் மறையுரையிலாவது அதை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்து, ஒவ்வொரு சபையும் தன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு-செலவு அறிக்கையை வைக்கும்போது, நேரடிப் பணியாளர்களுடையதையும் ஒப்பந்தப் பணியாளர்களுடையதையும் சேர்த்து ஊதியப் பட்டியலையும் அதனோடு இணைத்து, காணிக்கை கொடுத்த ஒவ்வொருவரும் பார்க்கும்படி வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.